இரவு வேட்டைக்குக் கைத் தெர்மல் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கையில் பிடித்துப் பார்க்கும் தெர்மல் ஸ்கேனர் வாங்கலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்த பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை. கேள்வி எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறேன். அவசரமாக இருந்தால் 3, 4, 13, 14 ஆகிய நான்கையாவது படித்துவிடுங்கள்.

1. டார்ச் இருக்கு, நைட் விஷன் இருக்கு. தெர்மல் எதுக்குத் தனியா?

டார்ச்சும் நைட் விஷனும் ஒளியை நம்பி வேலை செய்பவை. நட்சத்திர வெளிச்சமோ நிலவோ இல்லையென்றால் நைட் விஷனுக்கு அகச்சிவப்பு விளக்கு வேண்டும். 850 நானோமீட்டர் விளக்கு என்றால் அதன் முகப்பில் மங்கலான சிவப்பு தெரியும். 940 என்றால் தெரியாது, ஆனால் வீச்சு குறையும். தெர்மலுக்கு இந்த விளக்கு எதுவும் வேண்டாம். எல்லாப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ற அகச்சிவப்புக் கதிரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. உடம்புச் சூட்டில் உள்ள பொருளிலிருந்து வரும் கதிர் 9 மைக்ரானுக்குச் சற்று மேலே உச்சம் அடைகிறது. 8 முதல் 14 மைக்ரான் வரையுள்ள கதிரைக் காற்று அதிகம் தடுப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் இந்தக் கருவி பார்க்கிறது.

அதனால் கும்மிருட்டில், முட்புல் ஓரத்தில் நிற்கும் ஒரு விலங்கு குளிர்ந்த பின்னணியில் பளிச்சென்று தெரியும். டார்ச் அடித்து ஒரு மணி நேரம் தேடியும் கிடைக்காததை இதில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் 'அங்கே ஏதோ இருக்கிறது' என்பதைச் சொல்வதில் தெர்மல் எவ்வளவு கெட்டியோ, 'அது என்ன' என்பதைச் சொல்வதில் அவ்வளவு கெட்டி இல்லை. கீழே வரும் பாதிப் பதில்கள் இதைச் சுற்றித்தான் இருக்கும்.

2. சுவருக்கு அந்தப் பக்கம், புதருக்கு உள்ளே எல்லாம் தெரியுமாமே?

தெரியாது. கருவி பார்ப்பது பொருளின் மேற்பரப்புச் சூட்டை மட்டும்தான். சுவர், மரம், மண், தண்ணீர் எல்லாமே மறைத்துவிடும். தண்ணீருக்குள் இருக்கும் மீன்கூடத் தெரியாது. சாதாரணக் கண்ணாடியும் இந்தக் கதிருக்குச் சுவர் மாதிரிதான். வண்டிக்குள் உட்கார்ந்து மூடிய ஜன்னல் வழியாகப் பார்த்தால் உங்கள் முகச்சூடு எதிரொளிப்பதுதான் தெரியும். ஜன்னலை இறக்கித்தான் பார்க்க வேண்டும். லென்ஸைக் கண்ணாடிக்குப் பதில் ஜெர்மானியத்தில் செய்வதும் இதனால்தான். விலையில் பெரும்பங்கு அந்த லென்ஸுக்கும் சென்சாருக்கும் போகிறது.

புதர் விஷயம் கொஞ்சம் வேறு. இலை மறைக்கும், இலைகளுக்கு நடுவில் இருக்கும் சந்து மறைக்காது. அடர்ந்த புதருக்குள் படுத்திருக்கும் விலங்கு சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகளாகச் சிதறித் தெரியலாம். நிதானமாக, ஓரிரு அடி தள்ளித் தள்ளி நின்று பார்த்தால் அந்தப் புள்ளிகள் சேர்ந்து ஓர் உருவம் ஆகும்.

3. டப்பாவுல 1800 மீட்டர்னு போட்டிருக்கு. அவ்வளவு தூரம் நெஜமாவே தெரியுமா?

'தெரியும்' என்று எதைச் சொல்கிறார்கள் என்பதில் இருக்கிறது. டப்பாவில் இருப்பது கண்டுபிடிக்கும் தூரம். 1.8 மீட்டர் உயரமுள்ள ஒரு ஆள் திறந்த வெளியில், நல்ல காற்றில் நின்றால் ஒரு சூடான புள்ளியாகத் திரையில் விழும் தூரம் அது. அந்தப் புள்ளி மனிதனா, மாடா, சூடான பாறையா என்று அங்கே சொல்ல முடியாது.

நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சென்சாரின் பிக்சல் அளவை (மைக்ரானில்) லென்ஸின் குவியத் தூரத்தால் (மில்லிமீட்டரில்) வகுத்து, இலக்கின் தூரத்தால் (மீட்டரில்) பெருக்குங்கள். அந்தத் தூரத்தில் ஒரு பிக்சல் எத்தனை மில்லிமீட்டரை மூடுகிறது என்று வரும். 12 மைக்ரான் சென்சார், 35 மி.மீ. லென்ஸ், 100 மீட்டர் என்றால் சுமார் 34 மி.மீ. அதே கருவியில் 1800 மீட்டரில் ஒரு பிக்சல் 60 செ.மீ.க்கு மேல் போய்விடும். ஆறடி ஆள் அங்கே மூன்று பிக்சல் உயரம். அகலம் ஒரு பிக்சல்கூட வராது. டப்பாவில் போட்டது பொய் இல்லை, ஆனால் வேட்டைக்கு அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

எத்தனை பிக்சல் வேண்டும் என்பதற்கு ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜான் ஜான்சன் 1958-ல் முன்வைத்தது. இலக்கின் குறுகிய பக்கத்தில் ஏறக்குறைய 2 பிக்சல் விழுந்தால் இருப்பது தெரியும், 8 விழுந்தால் என்ன வகை என்று தெரியும், 13 விழுந்தால் இன்னதுதான் என்று அடையாளம் காணலாம். இதில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு: இவை பாதிக்குப் பாதி வாய்ப்பில் சரியாகச் சொல்வதற்கான எண்கள். விசையில் விரல் வைக்கிறவருக்குப் பாதிக்குப் பாதி எந்த விதத்திலும் போதாது. விலங்கின் தோள் உயரத்தில் குறைந்தது 20 பிக்சல் விழும் தூரத்தைத்தான் முடிவெடுக்கும் தூரமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

தோள் உயரம் 70 செ.மீ. உள்ள காட்டுப்பன்றிக்கு, 12 மைக்ரான் சென்சாரில் அந்தத் தூரம் 19 மி.மீ. லென்ஸுக்கு 55 மீட்டர், 25-க்கு 73, 35-க்கு 100 மீட்டரைச் சற்றுத் தாண்டி, 50-க்கு 145 மீட்டர் அளவு. 35 செ.மீ. உயர நரி என்றால் எல்லாம் பாதி. 1800 என்று படித்துவிட்டு 100-க்கு வருவது ஏமாற்றமாகத்தான் இருக்கும். வாங்குவதற்கு முன்பே அந்த ஏமாற்றம் வந்துவிட்டால் நல்லது.

4. 256, 384, 640... எதை வாங்கறது?

இந்த எண், சென்சாரில் அகலவாக்கில் எத்தனை பிக்சல் இருக்கிறது என்பது. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மேலே போட்ட கணக்கில் இந்த எண் வரவே இல்லை, பார்த்தீர்களா? பிக்சல் அளவும் லென்ஸும் ஒன்றாக இருந்தால் 384 சென்சாரிலும் 640 சென்சாரிலும் பன்றி மேல் விழும் பிக்சல் ஒன்றேதான். மாறுவது பார்வைப் பரப்பு. 35 மி.மீ. லென்ஸோடு 100 மீட்டரில் 384 சென்சார் 13 மீட்டர் அகலத்தைக் காட்டும்; 640 சென்சார் 22 மீட்டரைக் காட்டும்; 256 சென்சார் 9 மீட்டர்கூடக் காட்டாது.

ஆக 640-ன் உண்மையான லாபம் இது: பார்வை குறுகிப்போகாமல் பெரிய லென்ஸைப் போட்டுக்கொள்ளலாம். பரந்த வெளியில் தேடுகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். தோப்பு ஓரம், சின்ன வயல், 80 மீட்டருக்குள் பார்க்கும் வேலை என்றால் 384 சென்சாரும் 19 அல்லது 25 மி.மீ. லென்ஸும் தாராளம். 256 சென்சார் 'எதாவது நடமாட்டம் இருக்கிறதா' என்று பார்க்க உதவும். வீட்டுக்குப் பின்னால் கால்நடைக் கொட்டிலைப் பார்ப்பதற்கு நல்லது. வேட்டைக்கு என்று வாங்குகிறவருக்கு அதை நான் சொல்லமாட்டேன். 160 பக்கம் போகவே வேண்டாம். 1280 சென்சாரும் வந்துவிட்டது. பார்க்க அருமைதான், ஆனால் அந்தப் பணம் இருந்தால் நல்ல 640-ஒன்றும் லேசர் தூரமானியும் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம்.

5. லென்ஸ் பெரிசா இருந்தா நல்லதுதானே? 50 எடுத்துடலாமா?

தூரம் கூடும், பரப்பு குறையும். 384 சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ் போட்டால் 100 மீட்டரில் 9 மீட்டர் அகலம்தான் தெரியும். அதை வைத்து ஒரு வயலைத் துழாவினால் கை நடுங்க நடுங்க ஒரு குழாய்க்குள் பார்ப்பது போல இருக்கும். பக்கத்திலேயே நிற்கும் விலங்கைத் தவறவிடுவீர்கள். கையில் வைத்துத் தேடும் கருவிக்கு அடிப்படை உருப்பெருக்கம் 2 முதல் 3 மடங்குக்குள் இருப்பதே வசதி.

குவியத் தூரத்தோடு எஃப் எண்ணையும் (குவியத் தூரத்தை லென்ஸ் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் வருவது) பாருங்கள். எஃப் 1.0 லென்ஸ் உள்ளே விடும் சூட்டில் எஃப் 1.2 லென்ஸ் ஏறக்குறைய 70 சதவீதம்தான் விடும். இரண்டு கருவிகள் மற்ற எல்லாவற்றிலும் சமம், ஒன்று மட்டும் மலிவு என்றால் வித்தியாசம் பல சமயம் இங்கே ஒளிந்திருக்கும். இன்னொன்று: சின்ன லென்ஸ்களில் ஃபோகஸ் நிலையாகப் பூட்டியிருக்கும். 25-க்கு மேலே போனால் கையால் திருப்பும் ஃபோகஸ் வளையம் கட்டாயம் வேண்டும். ஃபோகஸ் சரியில்லாத படத்தில் 3-ஆம் கேள்வியின் கணக்கெல்லாம் பயன்படாது.

6. 8 மடங்கு ஜூம் இருக்குன்னு சொல்றாங்களே?

அது டிஜிட்டல் ஜூம். இருக்கும் பிக்சலைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, புதிதாக ஒன்றையும் சேர்ப்பதில்லை. 2 மடங்குவரை கண்ணுக்குச் சுகமாக இருக்கும். அதற்கு மேல் கட்டம் கட்டமாகத் தெரியும். 1024×768 டிஸ்ப்ளே என்று பெரிதாகப் போடுவதும் இதே கதைதான். திரையில் எத்தனை புள்ளி இருந்தாலும் சென்சார் கொடுப்பதற்கு மேல் விவரம் வராது.

7. என்இடிடி 20-க்குக் கீழேன்னு ஒரு எண் போடறாங்க. அது என்ன? சின்னதா இருந்தா நல்லதா?

சென்சாரால் பிரித்துப் பார்க்க முடிகிற மிகச் சிறிய சூட்டு வித்தியாசம் அது, மில்லிகெல்வினில். 20 என்றால் 0.02 டிகிரி. சிறிதாக இருந்தால் நல்லதுதான். ஆனால் தெளிவான குளிர் இரவில் விலங்குக்கும் பின்னணிக்கும் பல டிகிரி வித்தியாசம் இருக்கும்போது 40 மில்லிகெல்வின் கருவிகூட அதை எளிதாகக் காட்டிவிடும்.

இந்த எண்ணின் அருமை ஈரமான இரவில் தெரியும். மழை விட்ட பிறகு, மூடுபனி இறங்கும்போது எல்லாமே ஒரே சூட்டுக்கு வந்துவிடும். நல்ல சென்சார் அப்போதும் மரத்தையும் வரப்பையும் புல்லையும் பிரித்துக் காட்டும். மட்டமான சென்சாரில் சாம்பல் நிறக் கஞ்சியாக இருக்கும். நீங்கள் இருக்கும் பகுதியில் ஈரம் அதிகம் என்றால் இதற்குக் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுக்கலாம். ஆனால் இரண்டு கம்பெனிகளின் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். ஒருவர் சென்சாரை மட்டும் அளந்திருப்பார், இன்னொருவர் லென்ஸோடு சேர்த்துக் கருவி முழுவதையும் சொல்லியிருப்பார். அளக்கும்போது இருந்த சூழலும் வேறாக இருக்கும்.

8. 12 மைக்ரான், 17 மைக்ரான் – எது ஒசத்தி?

17 மைக்ரான் சென்சாரோடு 50 மி.மீ. லென்ஸும், 12 மைக்ரான் சென்சாரோடு 35 மி.மீ. லென்ஸும் ஏறக்குறைய ஒரே விவரத்தைத் தரும். 12-ல் அதையே சின்ன லென்ஸில் செய்துவிடலாம், அதனால் கருவி சிறிதாகிறது, எடை குறைகிறது. புதிதாக வருபவை பெரும்பாலும் 12-தான். பழைய 17 மைக்ரான் கருவி நல்ல லென்ஸோடு கிடைத்தால் ஒதுக்க வேண்டியதில்லை; பெரிய பிக்சல் அதிகச் சூட்டை வாங்கும்.

9. 9 ஹெர்ட்ஸ்ல ஒண்ணு ரொம்ப மலிவா வருது. எடுக்கலாமா?

வேண்டாம். ஒரு நொடிக்கு ஒன்பது படம் என்றால் கருவியைத் திருப்பும்போது படம் தத்தித் தத்தி வரும், ஓடும் விலங்கு ஒரு இடத்தில் மறைந்து இன்னொரு இடத்தில் முளைக்கும். ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளுக்காக 9 ஹெர்ட்ஸில் அடக்கிய கருவிகள் சந்தையில் உண்டு. வீட்டுச் சுவர் ஈரம், மின்பெட்டிச் சூடு பார்ப்பதற்கு அவை போதும். வேட்டைக்கு 50 இருந்தால் நிம்மதி, 25 அல்லது 30 சமாளிக்கலாம்.

10. பார்த்துட்டே இருக்கும்போது படம் ஒரு நொடி நின்னு 'டிக்'னு சத்தம் வருது. ரிப்பேரா?

இல்லை. கருவி ஓட ஓடச் சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் சமநிலையை இழக்கும். உள்ளே ஒரு சின்ன மூடி விழுந்து, எல்லாப் பிக்சலுக்கும் ஒரே சூட்டைக் காட்டி, கருவி தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கருவியைப் போட்டவுடன் அடிக்கடி வரும், சூடு நிலைத்த பிறகு குறையும்.

அமைதியான இரவில், பக்கத்தில் விலங்கு இருக்கும்போது அந்தச் சத்தம் சங்கடம்தான். அதனால் இதைத் தானியங்கி, கைமுறை என்று மாற்றும் வசதி இருக்கிறதா பாருங்கள். கைமுறையில் வைத்துவிட்டு, படம் கோடு கோடாக ஆகும்போது லென்ஸை உள்ளங்கையால் மூடாமல் அதன் மூடியால் மூடிச் சரிசெய்யலாம். உள்ளே விழும் அந்த மூடி இல்லாமல் மென்பொருளாலேயே சரிசெய்யும் கருவிகளும் வருகின்றன.

11. வெள்ளை, கறுப்பு, சிவப்பு, வானவில்னு பத்து நிறம் இருக்கு. எதுல வெக்கறது?

தேடுவதற்குச் சூடானதை வெள்ளையாகக் காட்டும் நிறம். உருவத்தை உற்றுப் பார்ப்பதற்குச் சூடானதைக் கறுப்பாகக் காட்டும் நிறம் பலருக்கு இன்னும் தெளிவாக இருக்கும்; இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். வானவில் நிறங்கள் அழகாக இருக்கும், ஆனால் விலங்கின் ஓரத்தைக் குழப்பிவிடும்.

கண் கூசுகிறது என்பவர்கள் முதலில் திரை வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். பிரகாசமான வெள்ளைத் திரையை ஒரு தடவை பார்த்தால் அந்தக் கண்ணுக்கு அது போய்விடும். காட்டில் நடக்கப் போகிறீர்கள் என்றால் சிவப்பு அல்லது செம்பழுப்பு நிறத்துக்கு மாற்றி, ஒரே கண்ணால் பார்த்துப் பழகுங்கள். இன்னொரு கண் பாதையைப் பார்த்துக்கொள்ளும்.

12. நேத்து அருமையா தெரிஞ்சுது, இன்னைக்கு ஒண்ணுமே தெரியல. ஏன்?

பெரும்பாலும் பொழுதும் வானிலையும்தான் காரணம். வெயில் காய்ந்த நாளின் மாலையில் பாறை, மண்மேடு, மரத்தூர் எல்லாம் சூட்டைப் பிடித்துவைத்திருக்கும். திரை முழுக்கப் போலி விலங்குகள். சூரியன் உதித்துக் கொஞ்ச நேரமும், மறைந்து கொஞ்ச நேரமும் பின்னணியும் பொருளும் ஒரே சூட்டுக்கு வந்து ஒன்றையொன்று கடக்கும் கட்டம் உண்டு. அப்போது நல்ல கருவியும் மங்கும். நள்ளிரவு தாண்டி விடியலுக்கு முன்புவரை உள்ள நேரம்தான் தெர்மலுக்குப் பொற்காலம்.

மழையில் காற்றில் உள்ள துளிகள் கதிரைத் தடுக்கும், நனைந்த மயிர் விலங்கின் சூட்டையும் மறைக்கும். லேசான புகைமூட்டத்தைத் தெர்மல் கண்ணைவிட நன்றாகக் கடக்கும். அடர்ந்த மூடுபனியில் வீச்சு வெகுவாகச் சுருங்கும். அந்த இரவுகளில் 3-ஆம் கேள்வியில் சொன்ன தூரத்தைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

13. துப்பாக்கி மேல மாட்டற தெர்மல் ஸ்கோப் ஒண்ணே வாங்கிட்டா, தேடவும் ஆச்சு, சுடவும் ஆச்சு. ரெண்டு செலவு எதுக்கு?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் இறங்கிவர மாட்டேன். ஸ்கோப்பால் தேடுவது என்றால் துப்பாக்கிக் குழலை ஒவ்வொரு சூடான புள்ளியின் மீதும் நீட்டுவது. அந்தப் புள்ளிகளில் ஒன்று வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதராக இருக்கலாம், உங்களோடு வந்தவராகவும் இருக்கலாம். என்ன என்று தெரியாத எதன் மீதும் குழலை நீட்டக் கூடாது என்பது துப்பாக்கி பிடிக்கிறவருக்கு முதல் பாடம். ஸ்கோப்பால் தேடுகிறவர் அந்தப் பாடத்தை இரவு முழுக்க மீறிக்கொண்டே இருக்கிறார்.

வசதியும் கையில் பிடிக்கும் கருவியில்தான் இருக்கிறது. எடை குறைவு, பார்வை அகலம், மணிக்கணக்கில் பார்க்கலாம். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் கைக் கருவியை வாங்குங்கள். எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும்: கைக் கருவியைத் துப்பாக்கியில் கட்டிப் பார்க்காதீர்கள். அது பின்னுதைப்பைத் தாங்கும்படி செய்யப்பட்டது இல்லை, குறி வைக்கும் கோடும் அதில் கிடையாது.

14. திரையில தெரியறது பன்றியா, கன்னுக்குட்டியா, ஆளான்னு எப்படி உறுதியா சொல்றது?

வடிவத்தைவிட அசைவு அதிகம் சொல்லும். பன்றிக்கு முன்பாரம் அதிகம், கழுத்து என்று தனியாகத் தெரியாது, தலை தாழ்ந்தே இருக்கும், மண்ணைக் கிளறும்போது முன்பக்கம் விட்டுவிட்டு அசையும். மானுக்கு நீண்ட கழுத்து, மெல்லிய கால். மேய்ந்துகொண்டே இருக்கும்போது சட்டென்று தலையைத் தூக்கி அசையாமல் நிற்கும். நாய் ஒரு இடத்தில் நில்லாமல் குறுக்கும் நெடுக்கும் ஓடும், வால் தெரியும். மனிதர் நிமிர்ந்து நின்றால் தெரிந்துவிடும். குனிந்தோ உட்கார்ந்தோ கனமான போர்வைக்குள்ளோ இருந்தால் முகமும் கையும் மட்டும் பளிச்சென்று, மற்றதெல்லாம் மங்கலாக, ஏதோ ஒரு விலங்கு போலத்தான் தெரியும். இதை ஒருபோதும் மறக்க வேண்டாம்.

தெர்மல் காட்டாதவற்றையும் தெரிந்துவைத்திருங்கள். முற்றிக் காய்ந்த மான் கொம்பில் ரத்த ஓட்டம் இல்லாததால் அது மங்கலாகவோ தெரியாமலோ போகும். வளரும் பருவத்தில் தோல் மூடிய கொம்பு நன்றாகவே ஒளிரும். கம்பி வேலி, மெல்லிய கிளை, விலங்குக்குப் பின்னால் இருக்கும் சரிவு இவை சரியாகத் தெரியாது. குண்டு போய் நிற்க மண்மேடு இருக்கிறதா என்பதைத் தெர்மலை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது. அந்த நிலத்தைப் பகலில் ஒரு தடவை நடந்து பார்த்திருக்க வேண்டும்.

தெர்மலில் கண்டுபிடித்து, டார்ச்சிலோ நைட் விஷனிலோ உறுதிசெய்வதுதான் நான் பரிந்துரைக்கும் முறை. சந்தேகம் ஒரு துளி இருந்தாலும் விட்டுவிடுங்கள். குட்டியோடு இருக்கும் தாயா என்று பார்க்கவும் கொஞ்ச நேரம் காத்திருப்பது அவசியம். புல்லுக்குள் இருக்கும் குட்டிகள் தாய் நகர்ந்த பிறகுதான் வெளியே வரும்.

15. லேசர் தூரமானி வேணுமா, அது வெட்டிச் செலவா?

வேண்டும் என்பேன். தெர்மல் படத்தில் ஆழம் தெரியாது. 60 மீட்டரில் இருக்கும் முயலும் 250 மீட்டரில் இருக்கும் பன்றியும் திரையில் ஒரே அளவில் இருக்கலாம். அளவை வைத்து என்ன விலங்கு என்று ஊகிக்கிறவர்களுக்கு இது பெரிய பொறி. தூரம் தெரிந்துவிட்டால் அளவும் தெரிந்துவிடும். 14-ஆம் கேள்வியின் பாதி வேலை அங்கேயே முடிந்தது. திரையில் கோடு வைத்து உயரத்தை அளந்து தூரம் சொல்லும் வசதியை லேசருக்குப் பதிலாக நினைக்காதீர்கள். அது விலங்கின் உயரம் உங்களுக்கு முன்பே தெரியும் என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு.

16. பேட்டரி ராத்திரி பூரா நிக்குமா?

எட்டு மணி நேரம் என்று எழுதியிருந்தால் அது ரெக்கார்டிங், வைஃபை எதுவும் இல்லாமல், மிதமான சூட்டில் அளந்தது. குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் இறங்கும். கழற்றி மாற்றும் பேட்டரி உள்ள கருவியைத் தேர்ந்தெடுங்கள். 18650 போன்ற பொது வகை என்றால் இன்னும் நல்லது, எத்தனை வருடம் கழித்தும் கிடைக்கும். மாற்றுப் பேட்டரியைச் சட்டை உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள்.

17. மழையில நனையலாமா? லென்ஸை எப்படித் துடைக்கறது?

ஐபி67 என்று இருந்தால் தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். பேட்டரி மூடியும் சார்ஜ் துளையின் ரப்பரும் சரியாக அழுந்தியிருக்கும்வரைதான் இந்த உறுதி. லென்ஸில் மணல் இருந்தால் முதலில் ஊதி நீக்குங்கள், பிறகு லென்ஸ் துணி. மேல்பூச்சு கீறினால் திரும்ப வராது.

சூரியனை நோக்கி ஒருபோதும் திருப்பாதீர்கள், அணைத்து வைத்திருந்தாலும். லென்ஸ் குவிக்கும் சூடு சென்சாரில் நிரந்தரத் தழும்பு போட்டுவிடும். பகலில் வண்டியின் முன்பக்கத்தில் மூடியில்லாமல் வைப்பதும் இதில் அடங்கும்.

18. அடிபட்டு ஓடின விலங்கைத் தேட உதவுமா?

மிக நன்றாக உதவும். இந்தக் கருவியின் ஆகச் சிறந்த பயன் இதுதான் என்றே சொல்வேன். சுட்டவுடன் விலங்கு எந்தப் பக்கம் ஓடியது, எங்கே நின்றது என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். செத்த உடல் நெடுநேரம் சூட்டோடு இருக்கும், அதனால் திறந்த இடத்தில் விழுந்திருந்தால் உடனே தெரியும். சிந்திய ரத்தம் சில நிமிடம்தான் ஒளிரும், தரைச் சூட்டுக்கு வந்ததும் மறைந்துவிடும். அதன் பிறகு டார்ச்சும் பழக்கப்பட்ட நாயும்தான். உயரப் புல்லுக்குள் விழுந்திருந்தால் 2-ஆம் கேள்வியில் சொன்னதுபோல இரண்டு மூன்று கோணங்களில் நின்று பார்க்க வேண்டும். ஸ்கேனரில் தெரியவில்லை என்பதற்காகத் தேடலை விட்டுவிடாதீர்கள்.

19. சட்டப்படி இதை வெச்சுக்கலாமா?

நாட்டுக்கு நாடு மாறும். வேட்டையே தடைசெய்யப்பட்ட இடங்கள் உண்டு. பகல் வேட்டையை மட்டும் அனுமதிக்கும் இடங்கள் உண்டு. கையில் வைத்துப் பார்க்கலாம், துப்பாக்கியில் மாட்டக் கூடாது என்னும் இடங்கள் உண்டு. சில விலங்குகளுக்கு மட்டும் விலக்கு தரும் இடங்களும் உண்டு. விற்கிறவர் சொல்வதை நம்பாமல், உங்கள் பகுதியில் வேட்டை உரிமம் தரும் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லை தாண்டி எடுத்துப்போகிறவர்கள் இரு நாட்டு விதிகளையும் பார்க்க வேண்டும். இந்தக் கருவிகள் பல நாடுகளில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன.

20. கடையில பகல்லதான் காட்டறாங்க. எப்படிச் சோதிச்சு வாங்கறது? பழசுன்னா என்ன பார்க்கணும்?

கடைக்குள் மனிதர்களைப் பார்த்தால் எல்லாக் கருவியும் அற்புதமாகத் தெரியும். அதில் ஏமாறாதீர்கள். வெளியே கொண்டுவந்து, சூரியன் இல்லாத திசையில், நிழலில் இருக்கும் ஒரு மரத்தையோ செங்கல் சுவரையோ பாருங்கள். பட்டையின் வரிகளும் செங்கல் இடுக்குகளும் பிரிந்து தெரிகிறதா? சூடான பொருளைவிடச் சாதாரணப் பொருளின் நுணுக்கம்தான் சென்சாரின் தரத்தைக் காட்டும். படத்தின் நான்கு ஓரங்களும் நடுப்பகுதி அளவு தெளிவாக இருக்கிறதா பாருங்கள். கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடும் இல்லாமலும் கண் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, கையுறையோடு, நிறம் மாற்றும் பொத்தானையும் ஜூம் பொத்தானையும் தொட்டுக் கண்டுபிடிக்க முடிகிறதா என்றும் பாருங்கள். இருட்டில் அப்படித்தான் பயன்படுத்தப் போகிறீர்கள்.

பழைய கருவி என்றால் லென்ஸ் மூடியைப் போட்டு, 10-ஆம் கேள்வியில் சொன்ன சரிசெய்தலைக் கைமுறையில் ஓட்டிவிட்டு, மூடியோடு திரையைப் பாருங்கள். ஒரே சீரான சாம்பல் நிறம் வர வேண்டும். நகராத புள்ளியோ வளைந்த கோடோ இருந்தால் சூரியன் பட்ட தழும்பாக இருக்கலாம், வாங்க வேண்டாம். அரை மணி நேரம் ஓடவிட்டு மறுபடி பாருங்கள், பேட்டரி எவ்வளவு இறங்கியது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். புதிது வாங்குகிறவர்கள், ஓரிரு இரவு வெளியில் பார்த்துவிட்டுத் திருப்பித் தர அவகாசம் உண்டா என்று பணம் கட்டும் முன்பே கேட்டு, அதை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.